வரிசையில் இல்லாத ஆள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். பின்னாடி கோழி சத்தம் கேட்டால் மன்னிச்சுக்கோங்க. இப்போ நான் சென்னையில் இல்லை. ஊருக்கு வந்திருக்கேன். நைனார்பாளையத்தில் எங்க வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் இதைப் பதிவு செய்கிறேன்.

நைனார்பாளையம் எங்கே இருக்குன்னு கேட்பீங்க. கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் பக்கம். கள்ளக்குறிச்சின்னு சொன்னாலே ஆபீஸில் பலருக்கு 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள்தான் ஞாபகம் வருது. எங்களுக்கு ஊர் என்றால் மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் நீலக் கோடு மாதிரி கல்வராயன் மலை தெரியும். இன்றைக்குத் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்கிறவங்களுக்குத் தெரியும், வர்ற எல்லா விருந்தினரிடமும் நான் ஒரு கேள்வி தவறாமல் கேட்பேன். "உங்க வாழ்க்கையோட திருப்புமுனை எது?" தொழில் தொடங்கினவர், தொண்டு நிறுவனம் நடத்துறவர், யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அப்புறம் ஒரு நாளைச் சொல்லுவாங்க. ஒரு ரயில் பயணம், ஒரு சாவு, ஒரு ராஜினாமா. நானும் எடிட் பண்ணும்போது அந்த இடத்தில் லேசா ஒரு இசையைச் சேர்ப்பேன்.

போன மாதம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, எல்லாருக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கு. எனக்கு 26 வயசு. இன்னும் வரல. வருமா?"

ரெண்டு வாரம் பதில் போடவில்லை. ஏன்னா, உண்மையைச் சொன்னால், நானும் அந்த நாளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். என் மெயிலில் ஒரு ராஜினாமாக் கடிதம் எட்டு மாதமாக டிராஃப்டில் இருக்கு. பெறுநர் பெயர்கூடப் போட்டாச்சு. அனுப்பு பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

அதனால் இந்தத் தடவை வேறு ஒரு வேலை செய்தேன். எங்க ஊரைச் சுற்றி, எங்களுக்குப் பழக்கமான ஊர்களில் தொடங்கின சில மனிதர்களின் கதைகளைத் திரும்பப் படித்தேன். அவங்க திரும்பினது எந்த இடத்தில் என்று மட்டும் தேடினேன்.

முதலில் இந்த மலையிலிருந்தே தொடங்கலாம்.

கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம், மேற்கே, தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவில். பெயர் சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழ்கிற இடம். சின்ன வயசிலிருந்து இந்த மலையைப் பார்க்கிறேன், அதுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு ஊர் இருக்குன்னு சென்னைக்குப் போய் வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே ரெண்டு டாக்டர்கள் வந்து சேர்ந்தாங்க. ரெஜி ஜார்ஜ், லலிதா. கணவன் மனைவி. கேரளத்தில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அதுக்கு முன்னாடி திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். அங்கே அவங்க கவனித்தது இதுதான்: ரொம்ப தூரத்திலிருந்து நோயாளிகள் வர்றாங்க, வயிற்றுப்போக்கு மாதிரி சுலபமாகத் தடுக்கக்கூடிய நோயோடு. வந்து சேரும்போது பல சமயம் நிலைமை கைமீறிப் போயிருக்கும்.

சராசரியாக நாம் என்ன யோசிப்போம்? ஆஸ்பத்திரியை இன்னும் பெரிசாக்கலாம், படுக்கை கூட்டலாம், நல்ல கருவி வாங்கலாம். அவங்க கேட்ட கேள்வி வேற. இங்கே வந்து சேரவே முடியாதவங்க எங்கே இருக்காங்க?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். வேறு மாநிலங்களில் கிராமங்களில் வேலை செய்கிறவர்களைப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் சிட்லிங்கி. அந்தக் காலத்தில் அங்கிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக 40 கிலோமீட்டருக்கு மேல். ஆபரேஷன் வசதி வேண்டுமென்றால் இன்னும் தூரம். 1000 குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட ஏழில் ஒன்று.

1993-ல் அங்கே 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' தொடங்கியது. கட்டடம் என்று சொன்னால், ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு குடிசை. அதில்தான் வைத்தியம், அதில்தான் பிரசவம். முதல் சில வருஷங்கள் அப்படித்தான் ஓடியது. பிறகுதான் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருது. ரெண்டு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அந்த ஊர்ப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தாங்க. பெரிய படிப்பு இல்லாத பழங்குடிப் பெண்கள். பிரசவம் பார்க்க, ஆபரேஷனில் உதவ, வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளின் எடை பார்க்க. நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்து அனுப்பினாங்க. வருஷங்கள் போகப் போகக் குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது.

அதோடு நின்றிருந்தால் நல்ல ஆஸ்பத்திரிக் கதை. ஆனால் 2000-க்குப் பிறகு அவங்க இன்னொரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஜனங்க உரக் கடனில் இருக்காங்க. தினை, சாமை சாப்பிட்ட இடத்தில் ரேஷன் அரிசி வந்துடுச்சு. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போறாங்க. மாத்திரை கொடுத்து இதைச் சரி பண்ண முடியாது. அப்படித்தான் இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய விவசாயிகளோடு தொடங்கி, சில நூறு குடும்பங்களாக வளர்ந்தது. லம்பாடிப் பெண்களின் பழைய ஊசித் தையல், வயதான ஓரிருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த வேலை, 'போர்கை' என்ற பெயரில் திரும்ப உயிர் பெற்றது. லம்பாடி மொழியில் அதுக்குப் பெருமை என்று அர்த்தமாம்.

இப்ப சொல்லுங்க, இதில் திருப்புமுனை எந்த நாள்? நான் தேடிப் பார்த்தேன், எந்த இடத்தில் இசை போடறதுன்னே தெரியல. காந்திகிராமத்தில் ஒரு கேள்வி வந்தது. ஒரு வருஷம் அலைந்தாங்க. குடிசையில் மூணு வருஷம். பத்து வருஷம் கழித்து அதே கேள்வி விவசாயத்தில் வந்து நின்றது. அவங்க திரும்பத் திரும்பச் செய்தது ஒரே வேலை: தங்கள் முன்னால் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு, வரிசையில் இல்லாதவர் யார் என்று கேட்டது.

'சரிப்பா, இது சேவை, தொழிலுக்கு ஒத்துவருமா'ன்னு நீங்க கேட்கலாம். அதுக்குக் கடலூர் போகணும்.

கடலூர் எங்களுக்கு அந்நிய ஊர் இல்லை. 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரைக்கும் நாங்க எல்லாரும் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் கடலூரில்தான். அந்த ஊரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். ஷாம்பு என்றாலே பாட்டில், பாட்டில் என்றாலே வசதியானவங்க என்றிருந்த காலம். நம்ம பக்கம் அரப்பும் சீயக்காயும்தான். சின்னி கிருஷ்ணன் யோசித்தது எளிமையான கணக்கு. கூலிக்காரர் கையில் அன்றன்றைக்குத்தான் காசு வருது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குறவர் மாதிரி அவரால் ஒரு பாட்டில் வாங்க முடியாது. அப்போ பொருளை அவர் கையில் இருக்கிற காசின் அளவுக்குச் சின்னதாக்கணும். சின்னச் சின்னப் பாக்கெட். நாம் இன்றைக்கு சாஷே என்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அவர் காலமான பிறகு பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்புவைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு மகன், சி.கே. ரங்கநாதன், அண்ணன்களோடு கருத்து ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். கையில் 15,000 ரூபாய். 1983-ல் தனியாகத் தொடங்கினார். ஷாம்புவுக்கு அப்பாவின் பெயரிலிருந்தே 'சிக்' என்று பெயர். அந்தக் கம்பெனிதான் 1998-லிருந்து கெவின்கேர்.

வழக்கமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வீட்டை விட்டு வெளியேறின நாளை எடுத்துக்கொள்வாங்க. சினிமாவுக்கு நல்லா இருக்கும். ஆனால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினவர்கள் நம்ம ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தர் இருக்காங்க, எல்லாரும் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுக்கப்புறம் நடந்தது. அவர் ஊர் ஊராகப் போனார். ஷாம்புவே பார்க்காத ஜனங்க முன்னாடி பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தலை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க. காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி. பழக்கம் வந்த பிறகு சிக் பாக்கெட் மட்டும். ஒரு கட்டத்தில் விலையை 50 பைசாவுக்கே கொண்டு வந்தாங்க. பாட்டில் வாங்குகிறவர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கடைக்கே வராத ஆளைத் தேடிப் போனவர் இவர்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும். அந்த சாஷே இன்றைக்கு எங்க ஊர் ஏரிக்கரையில், வாய்க்காலில், மாட்டுத் தொழுவத்தில் எல்லா இடத்திலும் கிடக்கு. எல்லாக் கம்பெனி சாஷேயும்தான். ஏழைக்கும் பொருள் கிடைக்கணும் என்று யோசித்த அளவுக்கு, அந்தக் காலி உறை எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு ஒருத்தர் அதைத் தீர்த்தால், அவரைக் கூப்பிட்டு இங்கே உட்கார வைப்பேன்.

மூணாவது கதைக்கு முன்னாடி எங்க ஆயாவைப் பற்றிச் சொல்லணும். அப்பாவைப் பெற்றவங்க. சில வருஷம் முன்னாடி ஆயாவுக்குக் கண்புரை. எங்க பக்கத்துக்கு இலவசக் கண் முகாம் வந்தது. பஸ் வைத்துக் கூட்டிட்டுப் போய், ஆபரேஷன் பண்ணி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவாங்க. ஆயா போகவில்லை. ரெண்டாவது தடவையும் போகவில்லை. நான் சென்னையிலிருந்து போனில் கத்தினேன். "இலவசம் ஆயா, என்ன பயம்?"

அதுக்கப்புறம்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிப் படித்தேன். டாக்டர் கோ. வெங்கடசாமி. எல்லாரும் டாக்டர் வி என்பார்கள். அவரை மாதிரி திருப்புமுனைக்குப் பொருத்தமான ஆள் கிடையாது. ராணுவ டாக்டராக இருந்தவர். மகப்பேறு மருத்துவம் செய்ய ஆசை. முடக்குவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போய் அந்த ஆசை முடிந்தது. கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணல் விரல்களாலேயே லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன்கள். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். காசு கொடுக்கிறவர்களின் பணத்தில் காசில்லாதவர்களுக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம். உலகம் முழுக்க மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள்.

இசை போட ஏற்ற இடம் நிறைய இருக்கு, இல்லையா? ஆனால் என்னை நிறுத்தின இடம் வேறு. அரவிந்தின் கிராம முகாம்கள் ரொம்பப் புகழ் பெற்றவை. எங்கே போட்டாலும் கூட்டம். 1990-களில் ஒரு ஆய்வு செய்தாங்க, 1999-ல் வெளியானது. முகாம் நடந்த கிராமங்களில் வீடு வீடாகப் போய், கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று பார்த்தாங்க. 100-க்கு சுமார் ஏழு பேர்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. மைதானம் நிறைய ஆட்கள். வரிசை நீண்டு நிற்குது. வெற்றி என்றுதானே நாம் நினைப்போம்? மீதி 93 பேர் வீட்டில் உட்கார்ந்திருக்காங்க. ஏன்? பயம் ஒரு காரணம். கூட வர ஆள் இல்லை. கூலி போயிடும். வீட்டைப் பார்க்க யாரும் இல்லை. எப்படியோ ஓடுது, இப்படியே இருக்கட்டும்.

இந்த எண்ணை அவங்க ஒளித்து வைத்திருக்கலாம். யார் கேட்கப் போறாங்க? அதுக்குப் பதிலாக 2004-லிருந்து சின்ன ஊர்களில் 'விஷன் சென்டர்' திறக்க ஆரம்பித்தாங்க. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் வீடியோவில் பேசுவார். பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே வேலை முடிஞ்சிடும். முகாம் எப்போ வரும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு அப்படி நூற்றுக்கும் மேல் இருக்கு.

அதைப் படித்துவிட்டு ஆயாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை. "ஏன் ஆயா போகல?"ன்னு மட்டும் கேட்டேன். ஆயா சொன்னது: "நான் மூணு நாள் போயிட்டா மாட்டுக்கு யார்ரா தண்ணி காட்டுவா? உங்கப்பன் காட்டுக்குப் போயிடுவான். உங்கம்மாவும் கூலிக்குப் போயிடுவா."

பயமே இல்லை. மாடு. நான் ஒரு வாரம் லீவு போட்டு வந்து மாட்டைப் பார்த்துக்கிட்டேன். ஆயா போயிட்டு வந்துட்டாங்க. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்னைப் பார்த்து, "என்னடா இவ்வளவு இளைச்சுட்ட"ன்னாங்க.

இப்போ என் கதை. சிரிக்காமல் கேளுங்க. 2021-ல் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஒரு ஆப் செய்தேன். சுற்றுவட்டார விற்பனைக் கூடங்களில் அன்றன்றைக்கு மக்காச்சோளம் என்ன விலை போகுதுன்னு காட்டும். தமிழில், பெரிய எழுத்தில், நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கடைசி விலை தெரியும். ராத்திரி ராத்திரியாக ஆறு மாதம் கோட் எழுதினேன். 43 பேர் இறக்கினாங்க. அதில் 30 பேர் சென்னையில் என் ஆபீஸ் நண்பர்கள். மக்காச்சோளத்தை பாப்கார்னாக மட்டும் பார்த்தவங்க.

அப்பாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா விலை தெரிஞ்சு என்ன பண்றது? விதையும் உரமும் கடனுக்கு எடுத்தது ஒரு இடத்துல. சோளத்தை அங்கதான போடணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 20 வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டிருக்கேன். அந்தக் கடன் நோட்டு எங்க வீட்டு அலமாரியில் இருந்தது. ஆறு மாதம் கோட் எழுதினேன், ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து 'சோளத்தை யாருக்கு, ஏன் போடுறீங்க'ன்னு கேட்கவில்லை. எனக்கு விலை தெரியாததுதான் பிரச்சினை என்று நானே முடிவு செய்திருந்தேன். ஏன்னா அதுதான் எனக்குத் தீர்க்கத் தெரிந்த பிரச்சினை.

இப்போ அந்தத் தம்பிக்குப் பதில். தம்பி, அந்த நாள் வருமான்னு கேட்டீங்க. விருந்தினர்கள் சொன்ன நாட்கள் பொய்யில்லை. ஆனால் அது பத்து வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது கண்ணுக்குப் படுகிற நாள். நடக்கும்போது அவங்களுக்கே அது இன்னொரு செவ்வாய்க்கிழமையாகத்தான் இருந்திருக்கும். அதனால் நாளுக்காகக் காத்திருக்காதீங்க. நீங்க எந்தத் துறையில் இருந்தாலும் சரி, உங்க முன்னாடி ஒரு வரிசை இருக்கும். வாடிக்கையாளர், நோயாளி, மாணவர். அதில் நிற்காத ஒரே ஒரு ஆளைத் தேடிப் போய், ஏன் வரலைன்னு கேளுங்க. கத்தாமல் கேளுங்க. பதில் பெரும்பாலும் நீங்க நினைச்சதாக இருக்காது. மாடாக இருக்கும்.

அந்தக் கேள்விக்கு வேலையை விட வேண்டியதில்லை. பதில் கிடைத்த பிறகு விட வேண்டி வரலாம். ரெஜியும் லலிதாவும் ஒரு வருஷம் அலைந்த பிறகுதான் ஒரு இடத்தில் உட்கார்ந்தாங்க. நான் அலையாமலேயே உட்கார்ந்துட்டேன், அதுதான் என் ஆப் கதை.

என் டிராஃப்ட் மெயில் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கு. ஆனால் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். அறுவடை நேரம். இந்தத் தெருவில் 11 வீட்டில் சோளம் போட்டிருக்காங்க. ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, விதை வாங்கினதிலிருந்து மூட்டை போகிற வரைக்கும் யாருக்கு எவ்வளவு, எப்போ, ஏன் என்று எழுதிக்கிட்டு வர்றேன். லேப்டாப்பில் இல்லை, 40 பக்க நோட்டில். இதுவரை நாலு வீடு ஆச்சு. ஆப் செய்ய வேண்டிய விஷயம் இதில் இருக்கான்னு தெரியல. நாலு பேர் சேர்ந்து மூட்டையை வைக்க ஒரு கொட்டகைதான் தேவையோ என்னவோ. அப்படியென்றால் ஆறு மாதம் எழுதின கோடுக்கு ஒரு கும்பிடு.

அஞ்சாவது வீட்டில் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க. வெயில் தாழ்ந்துடுச்சு, நான் கிளம்பணும். மலை இன்னும் தெரியுது.

அடுத்த எபிசோடில் வழக்கம்போல ஒரு விருந்தினரோடு வர்றேன். அவரிடம் திருப்புமுனை எதுன்னு கேட்கப் போவதில்லை. உங்ககிட்ட வராதவங்க யாருன்னு கேட்கப் போறேன். நீங்களும் உங்க பதிலை எழுதுங்க.